நாற்பதுக்கு நாற்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் கூடத்தில் ஒரு டிரேடிங் ஃப்ளோர் திறக்கப்பட்டது. பெரிய வங்கிகளில் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வாங்கி விற்கிறவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்களே, அந்தத் தளம்தான். இந்த வீட்டில் அதற்குச் சாப்பாட்டு மேஜையை நடுவில் இழுத்துப் போட்டார்கள். டி.வி.யில் செய்திச் சேனல் அலறியது. அது போதாது என்று மிக்ஸியை வெறும் ஜாரோடு ஓடவிட்டார்கள். மேஜைக்கு முன்னால் மூத்த மகள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா, பின்னால் தங்கை. மூன்று பேர் கையிலும் எண்கள் எழுதிய சீட்டுகள்.

"ஆயிரத்து இருநூறு வாங்கு, நாப்பத்தேழு அம்பதுல!" என்று அம்மா ஒரு போடு போட்டாள்.

"ஆயிரத்து இருநூறு வாங்கறேன், நாப்பத்தேழு அம்பது!" என்று மகள் திருப்பிக் கத்திக்கொண்டே எழுதினாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தான் எழுத வேண்டும். அங்கே அதுதான் வழக்கமாம். இன்னொரு தடவை கேட்டால் முகம் சுளிப்பார்களாம். போன வருஷம் அங்கே பயிற்சிக்குப் போய் வந்த கல்லூரி அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், மகளுக்கு ஒரு வங்கியில் கோடைக்காலப் பயிற்சி கிடைத்திருந்தது. பத்து வாரம். நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. கல்லூரியில் அறுநூறு பேர் விண்ணப்பித்ததில் இரண்டே பேரைத்தான் எடுத்தார்கள். செய்தி வந்த அன்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவர் சரிபார்த்த எல்லாக் கட்டிடத்திலும் லிஃப்டில் ஏறியவர் இறங்கியவர் ஒருவர் பாக்கியில்லாமல் விஷயம் தெரிந்துகொண்டார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இடது காது கேட்காது.

நாலு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது. போகிற போக்கில் ஒரு காதையும் கொண்டுபோய்விட்டது. நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கைவிரித்தார். வீட்டில் பெரியவர்கள் மூலைக்கு ஒருவராக அழுதுகொண்டிருந்தபோது, அந்தக் குட்டி என்ன செய்தது தெரியுமா? சாப்பிட உட்கார்ந்ததும் விரலை நீட்டி, "அப்பா இங்க. அம்மா அங்க. அந்தப் பக்கம் யாரும் கூடாது" என்று ஆளுக்கொரு இடம் ஒதுக்கியது. அன்றைக்கு வைத்த பெயர்தான் மேனேஜர். இருபத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதே பெயர்தான்.

அமைதியான அறை என்றால் மேனேஜருக்கு ஒரு தொல்லையும் கிடையாது. இடப்பக்கம் நின்று பேசினாலும் வலது காது எட்டிப் பிடித்துவிடும். சுற்றிலும் சத்தம் வந்தால்தான் சங்கடம். இடப்பக்கம் ஒரு சுவர் எழும்பிவிடும். ஆனால் சத்தமான இடத்துக்கு அவள் தனியாகப் போக யார் விட்டார்கள்? தெருவில் நடந்தால் அப்பா வலப்பக்கம்தான் வருவார், பேருந்தே உரசிக்கொண்டு போனாலும் சரி. வருஷா வருஷம் பள்ளி திறக்கிற அன்று அரை நாள் லீவு போட்டு, கையிலிருக்கும் கிரீஸை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, புது டீச்சரைப் பார்க்கப் போவார். "எங்க பொண்ணுக்கு இடது காது கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பிக்கும்போது அவள் வராந்தாவில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் கதை இன்னும் அழகு. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் "பிரேக்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பக்கத்து காரும் சேர்ந்து நிற்கும். தன் மகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது இடப்பக்க சீட்டில் உட்கார முடியாதே! பின் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்து, வலது காதில் ஓதியே கற்றுக்கொடுத்தாள். ஒரு மாதம் கழுத்துச் சுளுக்கோடு அலைந்தாள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று, மகள் காரில் ஏறும் முன்பே அதிகாரியிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னவளும் அவள்தான்.

இப்படித்தான் மேனேஜர் வளர்ந்தாள். தனக்கு ஒரு காது கேட்காது என்று அவள் தன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியே வரவில்லை. கல்லூரியில் மட்டும் சொல்ல ஆள் இல்லாமல் போனது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்த இரண்டு மூன்று பேர் 'திமிர் பிடிச்சவ' என்று முடிவு கட்டினார்கள். அது தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

வங்கியிலிருந்து வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உடல்நலம் பற்றித் தெரிவிக்க வேண்டியது ஏதாவது உண்டா, உங்களுக்கு ஏதாவது வசதி செய்து தர வேண்டுமா என்று. 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டாள்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "எழுதிடலாமேம்மா. நான் வேணா ஒரு நடை போய்ப் பேசிட்டு வரட்டுமா?"

"அப்பா, அது அஞ்சாங்கிளாஸ் இல்ல. டிரேடிங் ஃப்ளோர். அங்க காதுதான் வேலையே. ஒரு காதுன்னு எழுதினா, லிஸ்ட்ல மூணாவதா நிக்கறவளைக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?"

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம்னு பாக்கறா. அதுலயும் ஒண்ணு குறையுதே!" என்றாள் தங்கை. தலையணை பறந்து வந்தது.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சோதனை. நாற்பது சீட்டு. முப்பத்தைந்துக்கு மேல் சரியாக எழுதினால் வங்கிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். குறைந்தால் சொல்லியே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்த மிக்ஸியும் டி.வி.யும்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குள் அவள் தயாராகியிருந்தாள். ஒரு மாதமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து உலகத்துச் சந்தைச் செய்தியெல்லாம் படித்தாள். வட்டி ஏறினால் கடன்பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்பதை அம்மாவுக்குப் புரியும்வரை விளக்கினாள். அம்மாவுக்கு ஐந்தாவது நாள்தான் புரிந்தது. பல் தேய்க்கும்போதும் விடாமல் பதினேழை இருபத்துமூன்றால் பெருக்கு, எட்டில் மூன்று எத்தனை சதவீதம் என்று தங்கை கதவுக்கு வெளியே நின்று உயிரை வாங்கினாள். புது ஷூ கடிக்காமல் இருக்க அதைப் போட்டுக்கொண்டே மேனேஜர் வீடு பெருக்கினாள். ஒன்றை நினைத்துவிட்டால் அந்தப் பெண் அப்படித்தான்.

சோதனை இருபது நிமிஷம் நடந்தது. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிச் சீட்டு முடிந்ததும் தங்கை மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திருத்தினாள். நாற்பதுக்கு நாற்பது.

"பாத்தீங்களா!" என்று மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்றாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா அவளை இறக்கி உச்சியில் முத்தம் கொடுத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வங்கியில் சேருவதற்கு மூன்று வாரம் முன்பு, புதிதாக வரப்போகிறவர்களை ஒரு நாள் அழைத்து இடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அம்மாடி, அதென்ன இடம்! தடுப்புச் சுவரே இல்லாத பெரிய கூடம். ஆளுக்கு நாலு திரை. முழங்கையும் முழங்கையும் இடிக்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டபடியே விலை சொன்னான். மூன்று வரிசை தாண்டி யாரோ அதற்குப் பதில் கத்தினார்கள். மேனேஜருக்குப் பார்த்த உடனே அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. இங்கேதான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

மத்தியானம் பயிற்சியாளர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். இரண்டு குழு. விலை மாற மாற வாங்கலாம், விற்கலாம். ஆனால் குழுவின் கையிருப்பு நூறு பங்கைத் தாண்டக் கூடாது. அவளுடைய குழுவில் கையிருப்பைக் கணக்குப் பார்த்தவன் டை கட்டிய ஒரு பையன். அவள் பிந்திப் போனதால் அவனுக்கு வலப்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அதாவது அவன் அவளுக்கு இடது கைப் பக்கம்.

அவள் வெளுத்து வாங்கினாள். விலை சொல்கிறவரின் வாயைப் பார்த்துப் பார்த்து, மனக்கணக்குப் போட்டுப் போட்டு, மற்றவர்கள் யோசிப்பதற்குள் வாங்கினாள். திடீரென்று மணி அடித்தார்கள். அவளுடைய குழு நூற்று நாற்பதில் நின்றது. ஆட்டத்திலிருந்து வெளியே.

தேநீர் இடைவேளையில் டை பையன் நேராக அவள் முன்னால் வந்து நின்றான். "மூணு தடவை கத்தினேன். 'நிறுத்து, நூறு ஆயிடுச்சு'ன்னு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. நீ கெட்டிக்காரிதான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். "சாரி, கவனிக்கல" என்றாள். செவிடு என்று தெரிவதைவிடத் திமிர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது, பாவம்.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசினாள். "எப்படி? நாப்பதுக்கு நாப்பது வாங்கினேனே! அங்க ஒருத்தன் காதுகிட்ட மூணு தடவை கத்தியிருக்கான், ஒரு எழுத்துகூட விழல. வீட்ல எப்படி விழுந்துச்சு?"

தங்கைக்குத்தான் ஞாபகம் வந்தது. சோதனையன்று அவள் தன் ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் பிடித்திருந்தாள். நாலு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள்.

படத்தில் முதல் நிமிஷம் அப்பா இடப்பக்கத்தில்தான் இருக்கிறார். முதல் சீட்டைப் படிக்கிறார். மகள் அசையவில்லை. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், ஏதோ பிடித்துக்கொண்ட மாதிரி. நாற்காலியை மேஜையின் முன்பக்கம் இழுத்துப் போடுகிறார். அதே சீட்டை மறுபடி படிக்கிறார். இரண்டு நிமிஷத்தில் நாற்காலி இன்னும் கொஞ்சம் நகர்கிறது. பின்னால் நிற்க வேண்டிய தங்கை சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் தோளில் சாய்கிறாள். பத்தாவது நிமிஷம் மூன்று பேரும் மேனேஜரின் வலப்பக்கத்தில் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறார்கள். போதாததற்கு அம்மா தன் சீட்டைப் படிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து, படித்துவிட்டுக் கூட்டுகிறாள்!

"நான் நகரவே இல்லையே!" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. தான் நகர்ந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நானா வால்யூமைக் கொறச்சேன்?" அம்மா வாயில் கையை வைத்தாள்.

மேனேஜருக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா திருட்டுத்தனமாக ரிமோட்டை அமுக்குகிற இடத்தை இரண்டு தடவை திருப்பிப் போட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று சொல்ல முடியாது. "உங்களை என்னன்னு திட்டறது? உங்களால எனக்கு எவ்வளவு கேக்காதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள்.

மறுநாள் சாயந்திரம் அம்மாவே மறுபடி மேஜையை இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அப்பாவின் நாற்காலியை மேஜைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள் தங்கை. ரிமோட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டினார்கள். அப்பா இடப்பக்கமிருந்து படித்தார். மகள் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் உரக்கப் படித்தார். அவள் சும்மா இருந்தாள். ஆறாவது சீட்டில் அவர் குரல் உடைந்தது. "என்னால முடியல" என்று சீட்டுகளை அம்மாவிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீதியை அம்மா அதே இடப்பக்கம் நின்று படித்து முடித்தாள். நாற்பதுக்குப் பதினொன்று.

மேனேஜர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே வங்கிக்கு ஒரு மெயில் எழுதினாள். படிவத்தில் பொய்யாக டிக் அடித்ததையும், விளையாட்டில் நடந்ததையும் மறைக்காமல் எழுதினாள். அவள் சேர வேண்டிய பிரிவின் தலைவி, வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னாள். அப்பா சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். "நானே போய்க்கறேம்ப்பா" என்றாள். அவர் சட்டையைத் திரும்ப ஹேங்கரில் மாட்டினார்.

பிரிவின் தலைவி நாற்பது வயதுக்காரி. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "எந்தக் காது?"

"இடது, மேடம்."

"ஃபார்ம்ல ஏன் இல்லைன்னு போட்ட?"

"சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு பயம்."

"நெஜமான வியாபாரமா இருந்திருந்தா, லிமிட் தாண்டின அன்னைக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன். அது தெரியுமா?"

"தெரியும் மேடம்." முடிந்தது கதை, மூன்றாவது பெண்ணுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைவி ஒரு தாளை எடுத்து நீளமாக ஒரு கோடு போட்டாள். "இது எங்க வரிசை. இது இடது ஓரம். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு தூண்தான். தூண் யார்கிட்டயும் பேசாது. அங்க உக்காரு. இங்க பாதி வியாபாரம் திரையில எழுத்துலதான் ஓடுது, அதை உன்கிட்ட குடுக்கறேன். ஃபோன் உனக்கு வேண்டாம்."

மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இரு, இன்னும் முடிக்கல. முதல் நாள் காலைல ஏழு மணிக்கு மீட்டிங். பதினோரு பேர் இருப்பாங்க. அன்னைக்கு விளையாட்டுல உன்கூட இருந்த டை பையனும் இருப்பான். நீயே எழுந்து நின்னு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், மெயிலும் அனுப்ப மாட்டேன். நான் சொன்னா, ஐயோ பாவம்னு உன்கிட்ட யாரும் வேலையே குடுக்க மாட்டாங்க. நீ சொன்னா, எந்தப் பக்கம் வந்து கத்தணும்னு தெரிஞ்சுக்குவாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற பிரிவு பாக்கலாம். அமைதியான பிரிவெல்லாம் நிறைய இருக்கு."

"முடியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

சேருவதற்கு முந்தின நாள் எல்லாம் தயார். ஷூ கடிக்கவில்லை. சட்டைகள் ஐந்தும் தேய்த்துத் தொங்கின. ஒரு வாரத்து விலைகள் தலைகீழாகப் பாடம். அந்த ஒரு வாக்கியம்தான் பாக்கி. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் வெளியே வந்து, "மூணு பேரும் உக்காருங்க" என்றாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தாள். "எனக்கு..." என்றாள். நின்றுவிட்டது. காது மடலெல்லாம் சிவந்தது. மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்தாள்.

"எழுதி வச்சுப் படியேன்க்கா" என்றாள் தங்கை, கிண்டலே இல்லாமல்.

அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழக்கம் விடுமா? பாதி எழுந்துவிட்டார். "எங்க பொண்ணுக்கு இடது..." என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. அம்மா அவர் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தாள்.

மேனேஜர் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. நாலு வயசுலேர்ந்து. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா வலது பக்கம் வாங்க. வர முடியலன்னா தோளைத் தட்டுங்க. நான் திரும்பலன்னா அது திமிர் இல்ல."

பதினேழு வருஷமாக அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். டீச்சர், டாக்டர், லைசென்ஸ் அதிகாரி என்று ஊரெல்லாம் அவர்களே சொல்லிவந்த விஷயம்தான். அவள் வாயிலிருந்து அதை அவர்கள் கேட்டதில்லை. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்தது.

அம்மாவுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் டிரைவிங் ஸ்கூல்காரி. "வார்த்தையெல்லாம் சரி" என்றாள். "சத்தம் பத்தல. பதினோரு பேர், அத்தனை திரை, அத்தனை ஃபோன். இன்னொரு தடவை."

மகள் தோளை நிமிர்த்தினாள். இந்த முறை எதிர்வீட்டு ஜன்னலுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "எனக்கு இடது காது கேக்காது!"

எதிர்வீட்டு அம்மாள் நிஜமாகவே ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் அப்பா. "நல்லா கேட்டுச்சு."